மலைக்குப் போற பாதை

எங்க ஆத்தா ரோட்டு வேலைக்காரி. 'கூலி வேலை' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். நான் அப்படிச் சொல்ல விரும்பவில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மதுரையைச் சுற்றிப் போட்ட பல கிராமத்து ரோடுகளில் அவள் ஜல்லி சுமந்திருக்கிறாள். ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி என்று கல்லைக் கையில் எடுத்ததுமே அளவு சொல்லுவாள். தார் ஊற்றும்போது காலில் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய்த் துணியால் பாதத்தைத் தேய்ப்பாள். தார் போகும், கொப்புளம் போகாது.

எங்க ஊருக்கும் ஒரு ரோடு வந்தது. ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம், உங்க ஊராகவும் இருக்கலாம். ஆத்தாவும் எங்க தெருப் பொம்பளைகள் பத்துப் பதினைந்து பேரும் இரண்டு மாதம் அதில் வேலை பார்த்தார்கள். ரோடு ஊருக்குள் வந்து கோயில் பொட்டலோடு நின்றுவிட்டது. அதற்கு அங்கிட்டு எங்க தெருவுக்கு இரண்டு பர்லாங்கு, அதே பழைய வண்டிப்பாதைதான். கேட்டதுக்கு மேஸ்திரி, "எஸ்டிமேட்டுல அம்புட்டுத்தான்" என்றார். ரோலர் திரும்பிப் போனது. மறுநாள் களையெடுக்கப் போன ஆத்தா அந்தப் புது ரோட்டில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவள் சுமந்த ஜல்லி, அவள் ஊற்றிய தார். ஆனால் அதில் செருப்புக் காலோடு நடக்கிற பாத்தியதை அவளுக்குக் கிடையாது.

ஒரு ஐப்பசி மழையில் எங்க சித்திக்கு இடுப்பு வலி கண்டது. கயிற்றுக் கட்டிலில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு முழங்கால் சகதியில் நடந்தார்கள். சித்தி பிழைத்துக்கொண்டாள். பிள்ளை தார் ரோட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே போய்விட்டது. அந்த இரண்டு பர்லாங்கு எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. ரோடு என்ற சொல்லை எங்கே கேட்டாலும் எனக்கு முதலில் அந்தக் கட்டில்தான் ஞாபகம் வருகிறது.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், 2025 பிப்ரவரியில் ஒரு மலைக்குப் போனோம். அங்கே எழுந்த ஒரு கேள்விக்கு இந்தக் கட்டிலை விட்டுவிட்டு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நாலு பேர், இரண்டு வண்டி. மாட்டுத்தாவணியில் டீ குடித்துவிட்டு மேலூர் ரோட்டில் கிளம்பினோம். ஒத்தக்கடை தாண்டும்வரை யானைமலை இடப்பக்கம் படுத்தபடி கூடவே வந்தது. பிறகு நாலுவழிச் சாலையை விட்டு வடக்கே மாங்குளம், மீனாட்சிபுரம் பக்கம் திரும்பினோம். போகப்போகத் தார் மெலிந்தது. சரளை வந்தது. சரளையும் போய்ப் பெயர்ந்த கல்லும் பள்ளமுமாக ஆகி, இரண்டு பக்கமும் சீமைக்கருவேல் முள் தோளைக் கீறியது. ஒரு இடத்தில் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் இறங்கி நடந்தோம். இன்னொரு இடத்தில் வண்டியையே தள்ளினோம். மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இடுப்பு ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது.

எங்களோடு வந்த நண்பர் ஒருவர் பள்ளி ஆசிரியர். பறவை பார்க்கிறவர். எங்க சாதி இல்லை. நல்ல மனுசன், எங்க வீட்டில் சோறு தின்கிறவர். இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிற நாட்டில் இருக்கிறோம் என்பதால் சொல்கிறேன். அவர் வண்டியை நிறுத்திவிட்டு மலையைப் பார்த்துச் சொன்னார்: "தோழர், இந்த ரோடு இப்படியே இருக்கணும். ரோடு மோசமா இருக்குறதாலதான் இந்த மலை பிழைச்சுக் கெடக்கு. நல்ல ரோடு வந்துச்சுன்னா ஆறே மாசம், மலை காலி."

எனக்குச் சுருக்கென்றது. வருசத்துக்கு ஒருநாள் வருகிறவனுக்கு மோசமான ரோடு ஒரு சுகம். போய்ச் சொல்லிக்கொள்ள ஒரு கதை. அந்த ரோட்டின் கடைசியில் குடியிருக்கிறவனுக்கு அது என்ன? வாய்வரை வந்தது, சொல்லவில்லை. மலை ஏறத் தொடங்கினோம்.

இந்த மலை சாமானிய மலை இல்லை. 2022 நவம்பரில் தமிழக அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு கிராமங்களிலுமாகச் சுமார் 193 ஹெக்டேரைப் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தது. தமிழ்நாட்டிலேயே முதல் தலம். ஏழு குன்றுகள், 72 ஏரி கண்மாய்கள், 200 சுனைகள், 250 வகைப் பறவைகள் என்று அரசே கணக்குச் சொன்னது. லகர் வல்லூறு இருக்கிறது, தேவாங்கு இருக்கிறது, எறும்புதின்னி இருக்கிறது. மாங்குளம் என்று படிப்பாளிகள் சொல்கிற தமிழி கல்வெட்டுகளும் இந்த மீனாட்சிபுரத்து ஓவாமலையில்தான் இருக்கின்றன. 1882இல் ராபர்ட் சீவல் என்ற வெள்ளைக்கார அதிகாரி கண்டு வெளியே சொன்னவை. ஏறத்தாழ இரண்டாயிரத்து இருநூறு வருசத்துப் பழசு.

குகைக்குள் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள். தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி, உடம்பு படுகிற இடத்தை வழவழவென்று இழைத்திருக்கிறார்கள். கையால் தடவிப் பார்த்தேன். ஆத்தா ஜல்லியைத் தடவுகிற மாதிரி. கல்வெட்டில் கணி நந்தன் என்ற முனிவரின் பெயர் இருக்கிறது. நெடுஞ்செழியனின் பெயர் இருக்கிறது. அவனுடைய அலுவலன் கடலன் வழுதியின் பெயர் இருக்கிறது. இன்னொன்றில் வெள்ளறை வணிகர்களின் பெயர் இருக்கிறது. இந்தப் பள்ளியைக் கடலன் வழுதி என்ன செய்தான் என்பதற்குக் கல்வெட்டு சொல்கிற வார்த்தை 'கொட்டுபித்த' என்பது. கொட்டுவித்தான், அதாவது உளியால் கொத்தச் செய்தான். கொத்தச் செய்தவன் பெயர் இரண்டாயிரம் வருசமாக நிற்கிறது. கொத்தினவன் பெயர் இல்லை.

இதைப் பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்லவில்லை. கல்வெட்டு என்றாலே அப்படித்தான். எங்க ஊர் ரோட்டுக்கும் ஒரு கல் நட்டார்கள். அதிலும் போடச் செய்தவர்கள் பெயர்தான் இருந்தது. ஆனால் ஒன்று. மொழிக்கு இருக்கிற நேர்மை அதை ஆண்டவர்களுக்கு இல்லை. 'கொட்டுபித்த' என்று சொன்ன மாத்திரத்தில், கொட்டினவன் ஒருத்தன் இருந்தான் என்று அந்தச் சொல்லே சாட்சி சொல்லிவிடுகிறது. மலை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குப் பட்டா மட்டும்தான் பதில் என்றால் எங்களுக்கு இடமில்லை. உழைப்பும் ஒரு பதில் என்றால், கல்லைத் தெரிந்த கைகள் எங்களிடம்தான் இருக்கின்றன.

இறங்கும்போது வழி தவறிவிட்டோம். கொண்டுபோன தண்ணீரும் தீர்ந்தது. ஒரு பாறைச் சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த வயசான ஆத்தா ஒருத்தி கண்ணில் பட்டாள். கையில் தொரட்டி, தலையில் துண்டு.

"எந்தூருப்பா நீங்க?"

"மதுரை ஆத்தா."

"மதுரையில எங்க?" என்று இன்னொரு தடவை கேட்டாள். இந்த இரண்டாவது கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நம் எல்லாருக்கும் தெரியும். நான் என் தெருவைச் சொன்னேன். அவள் முகம் இளகியது. "நம்ம பிள்ளைகளா" என்றாள். பிறகு ஆசிரியரைப் பார்த்தாள். அவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

சுனையைக் காட்டினாள். குனிந்து கையால் அள்ளிக் குடித்தோம். அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "நான் பொறந்த ஊரு இதில்ல, தெக்க ரொம்பத் தொலவு. அங்க ஊருணியில நாங்க எறங்கக் கூடாது. கொடத்தை வெச்சுக்கிட்டு நிக்கணும். யாராச்சும் மனசு வந்து மொண்டு ஊத்துனாத்தான் உண்டு. இங்க சொனை எவனையும் கேக்க மாட்டேங்குது."

எனக்கு அம்பேத்கர் ஞாபகம் வந்தார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று தமிழில் நாம் படிக்கிற அவருடைய நினைவுக் குறிப்புகள் ஒரு மோசமான பயணத்தில்தான் தொடங்குகின்றன. 1901. சிறுவர்கள் நாலைந்து பேர் கோரேகானில் இருந்த அப்பாவைப் பார்க்க மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். சாதி தெரிந்ததும் ஒரு மாட்டுவண்டிக்காரனும் வர மாட்டேன் என்கிறான். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைப் பையன்களே ஓட்ட, வண்டிக்காரன் கூட நடந்து வருகிறான். கையில் சோறு இருக்கிறது, தண்ணீர் இல்லை. ராத்திரி முழுக்க யாரும் தண்ணீர் தரவில்லை. அதே குறிப்புகளில் இன்னொரு பயணமும் உண்டு. 1934இல் தோழர்களோடு எல்லோரா குகைகளைப் பார்க்கப் போகிறார். வழியில் தௌலதாபாத் கோட்டை. தூசி படிந்த முகத்தை வாசல் பக்கத்துக் குளத்தில் கழுவியதற்காகக் கூட்டம் கூடிவிடுகிறது. உள்ளே எந்தத் தண்ணீரையும் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு, காவலுக்கு ஆள் கூடவர, கோட்டையைப் பார்க்க விடுகிறார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துப் பட்டம் வாங்கி வந்தவர் அவர்.

இயற்கையை ரசிப்பது, சுற்றிப் பார்ப்பது, குகை பார்ப்பது எல்லாம் எல்லா மனுசருக்கும் பொது என்று நினைக்கிறோம். இல்லை. பாதை திறந்திருந்தால்தான் கண்ணும் திறக்கும். வழியில் எவன் மறிப்பான், எங்கே தண்ணீர் கேட்கலாம், எந்தத் தெருவில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று யோசித்துக்கொண்டே போகிறவனுக்கு மலை தெரியாது, பயம்தான் தெரியும். 1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டம் கோயிலுக்குள் நுழைவதற்கு இல்லை, கோயிலைச் சுற்றிய ரோட்டில் நடப்பதற்கு. நம் மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் 1989க்குப் பிறகு ஏறத்தாழ இருபது வருசம் சேரிக்கும் ஊருக்கும் நடுவே ஒரு சுவர் நின்றது. 2008 மே 6ஆம் தேதிதான் அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டார்கள்.

இந்த மேலூர் வட்டாரத்துத் தும்பைப்பட்டியில் பிறந்தவர்தான் கக்கன். 1939 ஜூலை 8இல் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர். 1957 முதல் 1962 வரை பொதுப்பணித்துறை அமைச்சர். அவரைப் பற்றி நமக்குள் வேறுவேறு கருத்து இருக்கலாம். ஆனால் நடக்க விடாத பாதைகளைப் பார்த்து வளர்ந்த ஒருவர் கட்டுமானத் துறைக்கே அமைச்சராக இருந்தார் என்பது சின்ன விசயமில்லை. அதற்கு எத்தனையோ வருசம் கழித்துத்தான் எங்க தெருவுக்கு வர வேண்டிய ரோடு பொட்டலோடு நின்றது என்பதும் சின்ன விசயமில்லை.

ஆக, ஆசிரியருக்கு நான் சொல்ல நினைத்த பதில் இதுதான்: ரோடு எங்களுக்கு உயிர், சுயமரியாதை. மலையைக் காப்பாற்ற எங்களை இருட்டில் கிடக்கச் சொல்லாதீர்கள்.

ஆனால் இந்தப் பதிலை நானே சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதே மேலூர் வட்டாரத்தில் கிரானைட் நடந்த ஊர்களுக்குப் போனால் லாரிக்குப் பாதை எப்படிப் போட்டார்கள் என்று கதை கதையாகச் சொல்லுவார்கள். அந்தப் பாதையில் கல் போனது. குன்று போனது, கண்மாய் போனது, வாய்க்கால் போனது. 2014இல் உயர் நீதிமன்றம் சகாயத்தை விசாரணை ஆணையராகப் போட வேண்டிவந்தது. முதலில் நட்டப்பட்டது யார்? பட்டா உள்ளவனுக்காவது கேட்க ஒரு காகிதம் இருக்கும். புறம்போக்கில் ஆடு மேய்த்தவள், கண்மாயில் மீன் பிடித்தவன், கரட்டில் விறகு பொறுக்கியவள், இவர்களிடம் என்ன காகிதம் இருக்கிறது? காகிதம் இல்லாத வாழ்க்கை எங்களுடையதுதான். அப்படியென்றால் ஆசிரியர் சொன்னதில் பாதி நிசம். எந்த ரோடும் நல்ல ரோடு என்று நான் நினைத்தது பாதிப் பொய்.

இந்தக் குழப்பத்தை ஆடு மேய்த்த ஆத்தாவிடமே கேட்டேன். "இந்த மலைக்கு நல்ல ரோடு வந்தா ஆகுமா ஆத்தா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "மலைக்கு எதுக்குப்பா ரோடு? மலை ஆசுபத்திரிக்கா போகுது? எங்க தெருவுக்குப் போடச் சொல்லு. மழை பேஞ்சா ஆட்டுக்கு ஊசி போடுற டாக்டர்கூட வர மாட்டேங்குறாரு."

ஆசிரியரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் மலையை நினைத்து ரோடு வேண்டாம் என்றார். நான் தெருவை நினைத்து ரோடு வேண்டும் என்றேன். இரண்டு பேருமே எது எங்கே போகிறது என்று கேட்கவில்லை. ரோடு என்பது தார் மட்டும் இல்லை. அது எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது, அதில் எது உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது, இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் ரோடு. எங்க ஊரில் பொட்டலோடு நிற்க வேண்டும் என்று முடிவு செய்தவர்களும், குன்று இருக்கிற இடம்வரை லாரி போக வேண்டும் என்று முடிவு செய்தவர்களும் ஒரே ஆட்கள் இல்லாமல் இருக்கலாம். ஆனால் இரண்டு முடிவிலும் நம்மைக் கேட்கவில்லை. மலைக்கு வந்த ஆபத்தும் சேரிக்கு வராத ரோடும் வேறுவேறு பிரச்சினை இல்லை.

கேட்கப்பட வேண்டும் என்றால் எங்கே? கிராம சபையில். 2024 நவம்பர் 7இல் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில், அரிட்டாபட்டி உட்பட 2015 ஹெக்டேருக்கு மேல் ஏலம் போன செய்தி வந்தபோது, அந்த ஊர்கள் முதலில் செய்தது கிராம சபையைக் கூட்டித் தீர்மானம் போட்டதுதான். டிசம்பர் 9இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7இல் ஆயிரக்கணக்கான சனம் மேலூர்ப் பக்கமிருந்து மதுரைக்கு நாலுவழிச் சாலையில் நடந்தே வந்தது. ஜனவரி 23இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நாங்கள் போனது அதற்கு அடுத்த மாதம். 'வேண்டாம்' என்று சனம் சொன்ன ஒரு சொல், டெல்லிவரை போய்க் கேட்டது. அதில் எனக்குச் சந்தோசம்தான்.

ஆனால் அதே மேலூர் வட்டாரத்தில், அதே பஞ்சாயத்து என்ற அமைப்பில், ஒரு தலித் தலைவராக உட்கார்ந்ததற்கு என்ன நடந்தது? 1996இல் மேலவளவு பஞ்சாயத்து தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தலையே நடத்த விடாமல் தடுத்தார்கள். அதையும் மீறி முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30, மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த அவரையும் தோழர்களையும் பட்டப்பகலில் வழிமறித்து வெட்டிக் கொன்றார்கள். வீட்டுக்குப் போகிற வழியில், டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருந்த பேருந்தில். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது.

ஜனவரி 7 ஊர்வலத்தில் "நம்ம மலை, நம்ம மண்ணு" என்ற பேச்சு எல்லா வாயிலும் இருந்தது. நானும் அதில் நடந்தேன், நானும் அப்படித்தான் பேசினேன். ஆனால் நடக்க நடக்க ஒரு கேள்வி கூடவே வந்தது. இந்த 'நம்ம'வில் யார் யார்? மலையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் பஞ்சாயத்துக்குப் பலம் வேண்டும். பஞ்சாயத்துக்குப் பலம் வேண்டும் என்றால் அதன் நாற்காலியில் எவர் உட்கார்ந்தாலும் அவர் சொல் செல்ல வேண்டும். முருகேசன் உட்கார்ந்தால் வெட்டுவேன், டங்ஸ்டன் வந்தால் எல்லாரும் ஒன்று என்றால், அந்த ஒற்றுமைக்கு ஆயுசு எவ்வளவு? கம்பெனிக்காரன் அடுத்த தடவை வரும்போது ஊரை உடைக்கப் புதுசாகக் கோடு போட வேண்டியதில்லை. கோடு ஏற்கெனவே இருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவும் எனக்கு உரிமை இல்லை. நம் ஆட்களிலேயே பலர், மலை, பறவை, சுனை எல்லாம் வயிறு நிறைந்தவன் கவலை, நமக்குச் சோறும் மானமும் போதும் என்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பேசினேன். அது தப்பு என்று இப்போது படுகிறது. அந்த ஆத்தாவுக்குச் சோறு அந்தக் கரட்டில்தான் இருக்கிறது. எவனையும் கேட்காத தண்ணீர் அந்தச் சுனையில்தான் இருக்கிறது. அதை விட்டுக்கொடுத்தால் சோறும் போகும், மானமும் போகும். அழகு அவர்களுக்கு, உழைப்பு நமக்கு என்ற பிரிவினையை நாமே ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்?

திரும்பி வரும்போது அதே பள்ளம், அதே கல். ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். பிறகு, "தோழர், நான் சொன்னது தப்போ?" என்றார்.

"பாதித் தப்பு" என்றேன். "மீதிப் பாதி என்கிட்ட இருந்துச்சு."

ஆடு மேய்த்த ஆத்தாவின் தெரு வழியாகத்தான் வந்தோம். அவள் சொன்னது நிசம்தான். தார் வீடுகளுக்கு ரொம்ப முன்னாலேயே நின்றுவிட்டது. வண்டியை நிறுத்தி இறங்கினேன். அங்கிருந்து அந்தத் தெருவின் கடைசி வீடுவரை எத்தனை அடி என்று எட்டு வைத்து அளந்தேன். அடுத்த கிராம சபை எப்போது என்று அங்கே நின்ற பையன்களிடம் விசாரித்தேன். "எதுக்குண்ணே?" என்றார்கள். மனு எழுத என்றேன். எங்க ஆத்தா இப்போது இல்லை. இருந்திருந்தால் எத்தனை லோடு ஜல்லி ஆகும் என்று அங்கேயே நின்று கணக்குச் சொல்லியிருப்பாள்.